ஓஎஸ் மாத்தின பிறகு லேப்டாப் ஆன் ஆகலையா? ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் பாருங்க!

புது ஓஎஸ் போட்டாச்சு, ரீஸ்டார்ட்டும் கொடுத்தாச்சு. ஆனால் டெஸ்க்டாப் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி நிற்கிறது. இந்த நேரத்தில் பலரும் எடுக்கும் முடிவு, "சரி, ஃபார்மட் அடிச்சு முதல்ல இருந்து போட்டுடலாம்" என்பதுதான். கல்யாண போட்டோ, காலேஜ் புராஜெக்ட், கடைக் கணக்கு என எல்லாம் மொத்தமாகப் போவது பல நேரம் இந்த அவசரத்தால்தான்.

விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் நிறுத்தியது. அதனால் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 அல்லது லினக்ஸ் போட்டுப் பார்ப்பவர்கள் இப்போது அதிகம். ஓஎஸ் மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நின்றால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போயிருக்கும். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால், ஃபார்மட் இல்லாமலே சரிசெய்ய வாய்ப்பு உண்டு.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

பூட் ஆவது என்பது ஒரு ரிலே ஓட்டம் மாதிரி. 4 பேர் வரிசையாக ஓட வேண்டும்.

முதலில் ஓடுவது மதர்போர்டில் இருக்கும் பயாஸ். புதிய கம்ப்யூட்டர்களில் இதன் இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறது. ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது இதன் வேலை. அடுத்து, எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்குவது என்ற பட்டியலை அது பார்க்கும். இதற்குப் பெயர் பூட் ஆர்டர். மூன்றாவது, அந்த டிஸ்க்கில் இருக்கும் பூட்லோடர். விண்டோஸுக்கு விண்டோஸ் பூட் மேனேஜர், லினக்ஸில் பெரும்பாலும் கிரப். கடைசியாக அந்த பூட்லோடர் ஓஎஸ்-ஐ எழுப்பிவிடும்.

பழைய முறையில் பூட்லோடரின் தொடக்கம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் இருக்கும். இதை எம்பிஆர் என்பார்கள். புதிய முறையில் ஜிபிடி என்ற அமைப்பு. அதில் பூட்லோடருக்கென்றே இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒரு சின்னப் பகுதி தனியாக இருக்கும். விண்டோஸ் போடும்போது இது பொதுவாக 100 எம்பி அளவில் உருவாகும். போட்டோவும் வீடியோவும் இருக்கும் இடம் வேறு, பூட்லோடர் இருக்கும் இடம் வேறு. பூட்லோடர் கெட்டாலும் ஃபைல்கள் பிழைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

முதல் 5 நிமிடத்தில் செய்ய வேண்டியது

• திரையில் வரும் மெசேஜை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கோளாறு என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

• பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீண்டும் ஆன் செய்யுங்கள். ஓஎஸ் போட்ட பென்டிரைவை எடுக்காமல் விட்டால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் இன்ஸ்டால் பக்கமே திரும்பத் திரும்ப வரலாம். இதைப் பார்த்து "இன்ஸ்டால் ஆகவே இல்லை" என்று நினைத்து மறுபடியும் போடுபவர்கள் உண்டு.

• பயாஸுக்குள் போய் உங்கள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். ஆன் செய்ததும் டெல், லெனோவா, ஏசர், ஆசுஸ் லேப்டாப்களில் பொதுவாக எஃப்2, ஹெச்பி-யில் எஃப்10 கீயை அழுத்த வேண்டும்.

• பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். டெல், லெனோவா, ஏசரில் எஃப்12, ஹெச்பி-யில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப் கீ. மாடலுக்கு மாடல் இது மாறலாம். ஏசரில் சில மாடல்களில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அல்லது 'உபுண்டு' என்ற பெயர் இருந்தால் தேர்வு செய்யுங்கள். ஓஎஸ் திறந்துவிட்டால் பிரச்னை பூட் ஆர்டரில் மட்டும்தான். பயாஸில் அந்தப் பெயரை முதலிடத்துக்கு நகர்த்தி சேவ் செய்தால் போதும்.

பயாஸிலேயே டிஸ்க்கின் பெயர் இல்லை என்றால் கதை வேறு. டிஸ்க் கழன்றிருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது டிஸ்க்கை இன்னும் மோசமாக்கும்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால்?

'ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்', 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்றும் இது வரலாம். அதாவது, பயாஸ் தேடிப் பார்த்தது, பூட்லோடர் கிடைக்கவில்லை. டிஸ்க் நன்றாக இருக்கும்போதும் இது வருவதற்கு 3 காரணங்கள் அடிக்கடி இருக்கும்.

ஒன்று, மோடு மாறிப்போவது. ஜிபிடி டிஸ்க்கில் போட்ட விண்டோஸ், யூஇஎஃப்ஐ மோடில்தான் திறக்கும். எம்பிஆர் டிஸ்க்கில் போட்டது லெகஸி மோடில்தான் திறக்கும். பென்டிரைவ் பூட் ஆகவில்லை என்று பயாஸில் மோடை மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் பழையபடி வைக்க மறந்தால் இந்த மெசேஜ் வரும். மோடை மாற்றிப் பார்ப்பதால் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டு, மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி. பழைய டெஸ்க்டாப்களில் இது பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. இது தீர்ந்துபோனால் பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குப் போய்விடலாம். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் தப்பாகக் காட்டினால் இதன் மேல் சந்தேகப்படலாம். பேட்டரியை மாற்றிவிட்டு மோடையும் பூட் ஆர்டரையும் மறுபடி வைத்தால் சரியாகும்.

மூன்று, இரண்டு டிஸ்க் இருக்கும் சிஸ்டம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமலே புது எஸ்எஸ்டி-யில் விண்டோஸ் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹார்டு டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பகுதி இருந்தால், புது விண்டோஸின் பூட்லோடரும் அதிலேயே போய் உட்காரலாம். வெளியே எதுவும் தெரியாது, லேப்டாப்பும் நன்றாக ஓடும். ஒருநாள் "பழைய டிஸ்க் எதுக்கு?" என்று கழற்றினால் விண்டோஸும் திறக்காது. உடனே செய்ய வேண்டியது, கழற்றிய டிஸ்க்கை மறுபடி மாட்டுவதுதான். இதைத் தவிர்க்க எளிய வழி, ஓஎஸ் போடும்போது ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் மாட்டி வைப்பது.

லினக்ஸ் மெனு காணோமா? 'கிரப் ரெஸ்க்யூ' என்று வருதா?

ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு வரும் தலைவலி இது. லினக்ஸ் இருக்கும் சிஸ்டத்தில் பிறகு விண்டோஸ் போட்டால், விண்டோஸ் தன் பூட் மேனேஜரை முதலிடத்தில் வைத்துக்கொள்ளும். ஓஎஸ் தேர்வு செய்யும் மெனு வராமல் நேரடியாக விண்டோஸ் திறக்கும். யூஇஎஃப்ஐ சிஸ்டமாக இருந்தால் லினக்ஸின் கிரப் பெரும்பாலும் அழிந்திருக்காது. பயாஸில் 'உபுண்டு'வை மேலே கொண்டு வந்தால் மெனு திரும்பிவிடும். பழைய எம்பிஆர் முறையில் கிரப் மேலேயே விண்டோஸ் எழுதிவிடும். அப்போது லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, 'பூட் ரிப்பேர்' என்ற இலவச டூல் மூலம் கிரப்பை மறுபடி போட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, லினக்ஸ் போட்டதும் மெனுவில் விண்டோஸ் பெயர் வராமல் போவதும் உண்டு. "விண்டோஸ் அழிஞ்சுபோச்சு" என்று பதற வேண்டாம். 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் வசதி இயல்பாக ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது. சில லினக்ஸ் பதிப்புகளில் அதை நாமே ஆன் செய்ய வேண்டும். அதுவரை பூட் மெனு வழியாக விண்டோஸைத் திறந்துகொள்ளலாம்.

லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸுக்குள் இருந்தே அந்தப் பார்ட்டிஷனை டெலீட் செய்தால், அடுத்த முறை 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிடும். கிரப் தொடங்குகிறது, ஆனால் அதற்குத் தேவையான மற்ற ஃபைல்கள் டெலீட் ஆன பகுதியோடு போய்விட்டன. பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்வு செய்தால் விண்டோஸ் வந்துவிடும். பிறகு அதையே பூட் ஆர்டரில் முதலில் வையுங்கள்.

'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்'

விண்டோஸ் லோகோ வந்து, பிறகு நீலத் திரையிலோ கறுப்புத் திரையிலோ இந்த மெசேஜ் வந்தால், பூட்லோடர் வரை சரி. அடுத்து டிஸ்க்கைப் படிக்க சரியான டிரைவர் விண்டோஸுக்குக் கிடைக்கவில்லை. பயாஸில் ஸ்டோரேஜ் மோடை மாற்றுவது இதற்கு முக்கியக் காரணம்.

இன்டெல் 11-ம் தலைமுறை பிராசசர் முதல் வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்ற செட்டிங் இருக்கிறது. விண்டோஸ் போடும்போது "டிஸ்க்கே காட்டலையே" என்று தேடுபவர்கள் இதை ஆஃப் செய்கிறார்கள். இப்படி மாற்றினால் ஏற்கெனவே இருந்த விண்டோஸ் திறக்காமல் போகலாம். மோடை பழையபடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றியதால் வந்த பிரச்னை என்றால், சேஃப் மோடில் ஒருமுறை திறந்து பார்க்கலாம். அப்போது தேவையான டிரைவரை விண்டோஸ் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

'செக்யூரிட்டி வயலேஷன்' என்று வந்தால்?

யூஇஎஃப்ஐ-யில் செக்யூர் பூட் என்று ஒரு காவல்காரர் இருக்கிறார். நம்பகமான கையெழுத்து இல்லாத பூட்லோடரை உள்ளே விடமாட்டார். வைரஸ் ஓஎஸ்-க்கு முன்பே நுழைவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் சில நேரம் நல்ல ஓஎஸ்-ஐயும் நிறுத்திவிடும்.

2024 ஆகஸ்ட் 13-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட செக்யூரிட்டி அப்டேட் இதற்கு உதாரணம். விண்டோஸுடன் லினக்ஸும் வைத்திருந்த பலருக்கு, அந்த அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் திறக்கவில்லை. பாதுகாப்பு ஓட்டை இருந்த பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடுப்பதற்காக வந்த அப்டேட், இரண்டு ஓஎஸ் இருக்கும் கம்ப்யூட்டர்களையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. யாருடைய ஃபைலும் அதில் அழியவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்து, லினக்ஸைத் திறந்து, அந்தத் தடை விதியை நீக்கி அப்டேட் செய்ததும் வேலை முடிந்தது. வேலை முடிந்ததும் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்ய மறக்கக் கூடாது.

லோகோவிலேயே நின்றால்?

மிகப் பழைய கம்ப்யூட்டரில், தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடும் வழிகள் இணையத்தில் நிறைய உண்டு. ஆனால் 24ஹெச்2 பதிப்பு முதல், பிராசசரில் சில குறிப்பிட்ட வசதிகள் இல்லையென்றால் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது. கோர் 2 டூயோ காலத்து கம்ப்யூட்டர்கள் இந்தப் பட்டியலில் வருகின்றன. எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் இது மாறாது. அப்படிப்பட்ட சிஸ்டத்துக்கு எடை குறைந்த லினக்ஸ்தான் சரியான வழி.

நீலத் திரையில் 48 இலக்கம் கேட்கிறதா?

இருப்பதிலேயே கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பிட்லாக்கர் என்பது விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி. பயாஸ் செட்டிங்கிலோ பூட் ஆர்டரிலோ மாற்றம் வந்தால், யாரோ திருட முயல்வதாக அது நினைத்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்பவர்களுக்கும் இது வரலாம். பல புது லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் உள்நுழைந்ததும் இது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. 24ஹெச்2 பதிப்பைப் புதிதாகப் போடும்போது இது இன்னும் பல கம்ப்யூட்டர்களுக்கு விரிவாக்கப்பட்டது.

கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலில் அதே மெயில் ஐடி-யில் உள்நுழைந்து எடுக்கலாம். லேப்டாப் வாங்கும்போது கடைக்காரரோ பிள்ளைகளோ அவர்கள் மெயில் ஐடி-யைப் போட்டிருந்தால், கீ அந்த அக்கவுன்ட்டில் இருக்கும். ஆபீஸ், காலேஜ் லேப்டாப் என்றால் அங்குள்ள ஐடி பிரிவில் கேட்க வேண்டும். கீ எங்குமே இல்லை என்றால் மைக்ரோசாஃப்ட்டாலும் அந்த டிஸ்க்கைத் திறந்து தர முடியாது.

இதன் அருமை 2024 ஜூலை 19-ல் உலகத்துக்கே தெரிந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்க வேண்டி வந்தது. சரிசெய்ய வேண்டியிருந்தது என்னவோ சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை நீக்குவதுதான். ஆனால் பிட்லாக்கர் இருந்த சிஸ்டங்களில் முதலில் 48 இலக்கக் கீயைத் தேட வேண்டியிருந்தது.

ஃபைல் அழியாமல் விண்டோஸை ரிப்பேர் செய்வது எப்படி?

விண்டோஸ் தொடர்ந்து 2 முறை பூட் ஆகாமல் நின்றால், ரிப்பேர் திரை தானாகவே வரும். வரவில்லை என்றால் வேறு கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் ஒன்று தயாரித்து, அதில் பூட் செய்யுங்கள். குறைந்தது 8 ஜிபி காலி பென்டிரைவ் தேவை. முதல் பக்கங்களில் 'ரிப்பேர் மை பிசி' அல்லது 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்று இருக்கும். 'இன்ஸ்டால்' பட்டனைத் தொட வேண்டாம்.

பிறகு 'டிரபுள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போனால் இவை வரும்:

• ஸ்டார்ட்அப் ரிப்பேர் – பூட்லோடர் கோளாறைத் தானே தேடிச் சரிசெய்யப் பார்க்கும். முதலில் இதைத்தான் முயல வேண்டும்.

• அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் – கடைசி அப்டேட்டுக்குப் பிறகு பிரச்னை என்றால் அதை நீக்கலாம்.

• சிஸ்டம் ரெஸ்டோர் – விண்டோஸை முந்தைய தேதியின் நிலைக்குக் கொண்டு போகும். சொந்த போட்டோ, டாக்குமென்ட் மீது கை வைக்காது.

• ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் – சேஃப் மோடில் திறக்க.

எதுவும் பலிக்கவில்லையா? மறுபடி ஓஎஸ் போடுவதற்கு முன் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸை பென்டிரைவில் போட்டு, 'இன்ஸ்டால்' கொடுக்காமல் 'டிரை' என்ற வசதியில் திறந்தால், டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் கம்ப்யூட்டர் ஓடும். அங்கிருந்து ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி செய்யலாம். பிட்லாக்கர் இருந்தால் இங்கும் அந்தக் கீ தேவை.

"ஃபார்மட் ஆனாலும் ரெக்கவர் பண்ணிடலாம்" என்ற நம்பிக்கையும் வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு மீட்க வாய்ப்பு இருந்தது. எஸ்எஸ்டி-யில் டிரிம் என்ற வசதி, டெலீட் ஆன இடத்தைத் தானே சுத்தமாகத் துடைத்துவிடும். அதற்குப் பிறகு மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

விண்டோஸ் போடும்போது "இந்த டிஸ்க்கில் எம்பிஆர் இருக்கிறது, இன்ஸ்டால் செய்ய முடியாது" என்ற அர்த்தத்தில் மெசேஜ் வந்தால், எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் செய்யச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. அப்படிச் செய்தால் சி டிரைவோடு டி டிரைவும் சேர்ந்து போகும். ஃபைலை அழிக்காமல் எம்பிஆர்-ஐ ஜிபிடி-யாக மாற்றும் டூல் விண்டோஸிலேயே இருக்கிறது. எப்படி இருந்தாலும் பேக்அப் எடுத்த பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

கடைக்குக் கொண்டு போனால் என்ன சொல்ல வேண்டும்?

"ஆன் ஆகலை" என்று மட்டும் சொன்னால், வேகமான வழியாக ஃபார்மட்டைத்தான் பலரும் எடுப்பார்கள். வாயைத் திறந்து கேட்க வேண்டியவை இவை:

• "அண்ணே, உள்ள இருக்கிற ஃபைல் எல்லாம் வேணும். என்னைக் கேக்காம ஃபார்மட் பண்ணாதீங்க" என்று முதலிலேயே சொல்லுங்கள். ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

• மொபைலில் எடுத்த மெசேஜ் போட்டோவைக் காட்டுங்கள். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

• டேட்டா எடுக்க எவ்வளவு, ஓஎஸ் போட எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

• டிஸ்க்கை மாற்றினால் பழைய டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஓஎஸ் போடும் முன்

1. முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ கிளவுடிலோ காப்பி செய்து, அவை திறக்கிறதா என்றும் பாருங்கள்.

2. பிட்லாக்கர் கீயை எழுதியோ பிரின்ட் எடுத்தோ தனியாக வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பயன் இல்லை.

3. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்து, பயாஸ் மோடு, செக்யூர் பூட் நிலை இரண்டையும் போட்டோ எடுங்கள். பயாஸுக்குள் எதை மாற்றினாலும் அதற்கு முன் அந்தப் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுங்கள்.

4. விண்டோஸோடு லினக்ஸும் போடுவதாக இருந்தால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை ஆஃப் செய்யுங்கள். இது ஆன் ஆகி இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடப்படாது. லினக்ஸில் இருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகலாம்.

5. இரண்டு டிஸ்க் இருந்தால், ஓஎஸ் போடும் டிஸ்க்கை மட்டும் மாட்டி வையுங்கள்.

6. லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்ஸ்டால் பாதியில் கரன்ட் போனால் பூட்லோடர் அரைகுறையாக எழுதப்படலாம்.

ஓஎஸ்-ஐ எப்போது வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அதற்கான ஃபைல் இணையத்தில் கிடைக்கும். உங்கள் போட்டோவும் கணக்கும் உங்கள் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் பூட் ஆகாத லேப்டாப் முன் உட்கார்ந்தால் முதலில் மெசேஜைப் படியுங்கள், அடுத்து ஃபைலை வெளியே எடுங்கள். ஃபார்மட் எப்போதும் கடைசி வழியாகவே இருக்கட்டும்.